கைராசியும் காட்டுதலும்: சென்னைக் குடும்ப மருத்துவரின் அறையில் நோயாளர் அனுபவம்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டில் சென்னைத் தெருக்களில் இயங்கிய குடும்ப மருத்துவர்களின் அறைகள் தமக்கென ஆவணம் எதையும் விட்டுச்செல்லவில்லை. மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் எழுதப்பட்ட வரலாறு அவ்வறைகளுக்கு எழுதப்படாமைக்கு இதுவே முதற்காரணம். அங்குச் சென்றுவந்த நோயாளர்களின் பேச்சுவழக்கில் நிலைத்துள்ள ‘காட்டுதல்’, ‘கேட்டல்’, ‘கைராசி’ ஆகிய சொல்லாட்சிகளைச் சட்டங்கள், குழு அறிக்கைகள் ஆகியவற்றோடு ஒருங்குவைத்து நோக்கி, அவ்வனுபவத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மூடநம்பிக்கை என ஒதுக்கப்படும் ‘கைராசி’ என்னும் சொல், மருத்துவரை மதிப்பிட நோயாளர் கைக்கொண்ட அளவுகோலின் பெயர் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: குடும்ப மருத்துவர், நோயாளர் வரலாறு, கைராசி, எல்.எம்.பி., கம்பவுண்டர், சென்னை

முன்னுரை

சென்னை மருத்துவக் கல்லூரி, அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில் மருத்துவர் ரங்காச்சாரிக்கும் மருத்துவர் எம். ஆர். குருசாமி முதலியாருக்கும் சிலைகள் உள்ளன. இருவரும் பெருமருத்துவமனையோடும் கல்லூரியோடும் தொடர்புடையவர்கள். எனவே அவர்களைப் பற்றி எழுதப் பதிவுகள் உண்டு. ஆனால் அதே காலத்துச் சென்னைவாசி ஒருவர் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, குழந்தையின் இருமல் ஆகியவற்றுக்காக முதலில் சென்ற இடம் பெருமருத்துவமனை அன்று. தெருமுனையில், பெரும்பாலும் மருத்துவர் வீட்டின் முன்னறையிலேயே அமைந்த சிறு மருத்துவகம்தான் அது. அதற்குச் சிலையும் இல்லை, பதிவேடும் இல்லை.

மருத்துவ வரலாற்றை மருத்துவர் பக்கமிருந்தன்றி நோயாளர் பக்கமிருந்து எழுதவேண்டும் என்று ஆங்கிலேய வரலாற்றறிஞர் ராய் போர்ட்டர் 1985இல் வாதிட்டார். இங்கிலாந்தில் அதற்கு நாட்குறிப்புகளும் கடிதங்களும் கைகொடுத்தன. சென்னையின் எளிய நோயாளர் நாட்குறிப்பு எழுதியவரல்லர். அவர் விட்டுச்சென்றது பேச்சு. ஆகவே, இங்கு அவ்வரலாற்றுக்கான முதன்மைச் சான்றைச் சொற்களிலேயே தேடவேண்டியுள்ளது.

உரிமம் பெற்றவர்

1914இல் சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் நிறைவேறியது. பதிவு பெற்ற மருத்துவர், பெறாத வைத்தியர் என்னும் பிரிவு அதனால் சட்டத்தில் உறுதியாயிற்று. பதிவு பெற்றோருக்குள்ளும் இரண்டு படிநிலைகள் இருந்தன. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர் மேற்படியினர். மருத்துவப் பள்ளிகளில் பயின்று எல்.எம்.பி. என்னும் உரிமம் பெற்றோர் கீழ்ப்படியினர். வடசென்னையின் ராயபுரம் மருத்துவப் பள்ளியும், பெண்களுக்கென ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரில் தொடங்கிய பள்ளியும் இவ்வகைப் பயிற்சியளித்தவை. ராயபுரம் பள்ளி 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. ‘டாக்டரம்மா’ என்னும் விளி தமிழ்நாட்டுத் தெருக்களில் வேரூன்றியதில் வேலூர்ப் பள்ளியின் பங்கு தனியே ஆராயத்தக்கது.

1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை அளித்த போர் குழுவின் கணக்குப்படி, அன்றைய இந்தியாவில் இருந்த மருத்துவர் ஏறத்தாழ 47,500 பேர். அவர்களுள் கிட்டத்தட்ட 30,000 பேர் உரிமம் பெற்றோர். அதாவது, மேலைமருத்துவரைச் சந்தித்த இந்திய நோயாளருள் பெரும்பாலோர் சந்தித்திருக்கக்கூடியவர் பட்டதாரி அல்லர்; எல்.எம்.பி.யே. அக்குழுவோ நாடு முழுதும் ஒரே தரத்து ‘அடிப்படை மருத்துவர்’ போதுமென்று கூறி, உரிமப் பயிற்சியை நிறுத்தப் பரிந்துரைத்தது. உறுப்பினர் சிலர் மறுப்புக் குறிப்பு எழுதினர். பரிந்துரையே வென்றது. உரிமப் பள்ளிகள் படிப்படியாக மூடப்பட்டன அல்லது கல்லூரிகளாயின.

நோயாளருக்கு இவ்விவாதம் எட்டியதாகத் தெரியவில்லை. பெயர்ப்பலகையில் எல்.எம்.பி. என்றிருந்தாலும் எம்.பி.பி.எஸ். என்றிருந்தாலும் அவருக்கு அவர் ‘நம்ம டாக்டர்’. தரத்தைப் பற்றிய அரசின் அளவுகோலும் நோயாளரின் அளவுகோலும் வேறு வேறாக இருந்தன என்பதற்கு இது முதல் அறிகுறி.

அறையும் கம்பவுண்டரும் சீசாவும்

மருத்துவகத்தின் அமைப்பு ஏறக்குறைய எல்லாத் தெருக்களிலும் ஒன்றே. வெளியே திண்ணை அல்லது மரப்பெஞ்சு. உள்ளே மருத்துவர் அமரும் அறை. இடையில் அரைக்கதவு அல்லது திரைச்சீலை. ஓரத்தில் கம்பவுண்டரின் சிறு சன்னல். காத்திருப்போர் தம் நோயை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வர்; திரைச்சீலை ஒலியைத் தடுப்பதில்லையாதலால், உள்ளே சொல்லப்படுவதும் பாதி வெளியே கேட்கும். இதனைத் தோழமை என்று மட்டும் வருணித்தல் ஒருபக்க நோக்காகும். மாதவிலக்கு, வெள்ளைப்படுதல், பால்வினை நோய் ஆகியவற்றைச் சொல்லவந்த ஒருவருக்கு அந்தப் பெஞ்சு ஒரு தடை. இவற்றுக்கு நோயாளர் வேறு பகுதியின் மருத்துவரை நாடினர்; தெரிந்தவர் என்பதே அங்குத் தடையாயிற்று.

கம்பவுண்டரைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தோடு பொருத்திப் பார்ப்பது சுவையானது. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கும் 950ஆம் குறள், நோயுற்றவரையே முதலில் வைக்கிறது. நான்காமவரின் இடத்தைத் தெருமுனை மருத்துவகத்தில் பாதி வீட்டாரும் பாதி கம்பவுண்டரும் நிரப்பினர். மருத்துவரிடம் கேட்கத் தயங்கிய கேள்விகளைக் கம்பவுண்டரிடம் கேட்பது வழக்கம்: குளிக்கலாமா, மோர் சேர்க்கலாமா, பால்கொடுக்கும் தாய் இதைக் குடிக்கலாமா. அவர் பெரும்பாலும் முறையான கல்வித்தகுதி இல்லாதவர். 1948ஆம் ஆண்டின் மருந்தாக்கியல் சட்டம் தகுதியற்றோர் மருந்து கலந்து தருவதைத் தடுத்தபோதும், மருத்துவர் தம் சொந்த நோயாளருக்கு மருந்து தருவதற்கு விலக்களித்தது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளின் ‘கே’ அட்டவணையும் இதேபோன்ற விலக்கை உரிமத் தேவையிலிருந்து அளித்தது. கம்பவுண்டரின் சன்னல் நின்றது இந்த விலக்குகளின் நிழலில்தான்.

அச்சன்னல் வழியே வந்தது மிக்ஸ்சர். நோயாளர் சீசாவை வீட்டிலிருந்தே கொண்டுவரவேண்டும். மருந்தை ஊற்றியபின், வேளைக்கு இவ்வளவு என்று காட்டும்படி ஓரம் வெட்டப்பட்ட காகிதப் பட்டையைக் கம்பவுண்டர் சீசாவின் மேல் ஒட்டுவார். எழுத்தறியாதவரும் அளவு தவறாமல் குடிக்க வழிசெய்த எளிய உத்தி இது. செரிமானத்துக்குத் தரப்பட்ட கார்மினேட்டிவ் மிக்ஸ்சரில் சோடா உப்போடு இஞ்சி, ஏலக்காய்ச் சாரங்கள் சேர்ந்திருந்தன. பாட்டி வைத்தியத்தின் அஞ்சறைப் பெட்டிக்கும் அதற்கும் வாசனையில் தொலைவு அதிகமில்லை. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் மடித்துத் தந்த ஏ.பி.சி. பொடியில் ஆஸ்பிரினும் காஃபீனும் இருந்தன. சிறுநீரகத்தைக் கெடுக்கவல்ல பெனாசிட்டினும் இருந்தது. பெனாசிட்டின் 1983இல்தான் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. தாம் குடித்தது என்னவென்று நோயாளர் அறிந்திலர்; நிறத்தால் மட்டுமே அறிந்தனர். ‘அந்த ரோஸ் கலர் மருந்து’ கேட்டு வாங்கியவர்கள் பலர். சீசாவில் மருந்தின் பெயர் இராமையால், அம்மருத்துவரைத் தவிர வேறெவரும் அதைத் தொடர இயலாது. நோயாளரின் விசுவாசம் என்று புகழப்படுவதில் ஒரு பங்கு இந்தப் பெயரின்மையால் விளைந்தது.

காட்டுதலும் கேட்டலும்

மருத்துவரிடம் செல்வதைக் குறிக்கத் தமிழர் இயல்பாகப் பயன்படுத்தும் வினை ‘காட்டு’. ‘குழந்தையை டாக்டரிடம் காட்டினோம்’, ‘நாளைக்குப் போய்க் காட்டவேண்டும்’ என்பனவே வழக்கு. மறுபக்கத்து வினை ‘பார்’: மருத்துவர் பார்க்கிறார், வைத்தியம் பார்க்கிறார். நோயாளர் காட்டுபவர், மருத்துவர் பார்ப்பவர் என்னும் இவ்விணையில் நோயாளர் செயலற்றவர் அல்லர் என்பது கவனத்துக்குரியது. எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது, யாரிடம் காட்டுவது என்பவற்றை முடிவுசெய்பவர் அவரே, அல்லது அவர் வீட்டார். தாம் நம்பாதவரிடம் காட்டாமலிருக்கும் உரிமையும் அவர் கையில் இருந்தது.

காட்டப்பட்டது உடல். நாக்கை நீட்டுவது, கண்ணிமையைக் கீழிழுத்துக் காட்டுவது, சட்டையைத் தூக்கி மூச்சை இழுத்துவிடுவது என அது நிகழும். ‘நன்றாகத் தொட்டுப் பார்த்தார்’ என்பது மருத்துவருக்கு நோயாளர் வழங்கும் உயர்ந்த பாராட்டுகளுள் ஒன்று. ‘தொட்டுக்கூடப் பார்க்கவில்லை’ என்பது கடும் குற்றச்சாட்டு. யார் யாரைத் தொடலாம் என்பதைச் சாதி வகுத்த சமூகத்தில் இப்பாராட்டின் எடை பெரிது. நாடி பார்க்கும் சித்த மருத்துவ மரபிலிருந்து வந்த எதிர்பார்ப்பும் இதனுள் கலந்துள்ளது. இதயத்துடிப்புமானியைக் கழுத்தில் மாட்டியிருந்த மருத்துவரும் மணிக்கட்டைப் பிடித்துச் சற்றுநேரம் இருந்தால்தான் பார்த்ததாகப் பொருள்.

சொற்களிலும் இதேபோன்ற ஒரு கலப்பு நிகழ்ந்தது. நோயாளர் ‘உடம்பு சூடு’, ‘பித்தம்’, ‘வாயு பிடித்திருக்கிறது’ என்று முறையிடுவர். மேலைமருத்துவக் கல்வியில் இவற்றுக்கு இடமில்லை. எனினும் தெருவில் நிலைக்க விரும்பிய மருத்துவர் இவற்றைத் திருத்த முற்படாமல் ஏற்றுக்கொண்டார். பத்தியமும் அவ்வாறே. மாத்திரைக்குப் பத்தியம் தேவையில்லை என்று சொல்லும் மருத்துவரிடம் நோயாளர் ‘என்ன சாப்பிடலாம்?’ என்று விடாமல் கேட்பார். கேட்டதற்காகவே ‘இரண்டு நாள் இட்லி, கஞ்சி’ என்று சொல்லப்படும். இதனை மருத்துவரின் சமரசம் எனலாம். நோயாளரின் நோக்கில் அது வேறு: அவர் தம் மொழியில் கேட்டார், அவர் மொழியிலேயே விடை கிடைத்தது.

‘கேள்’ என்னும் வினை இங்கு மும்முறை வந்து போகிறது. மருத்துவர் நோயை விசாரித்துக் கேட்கிறார். நோயாளர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார். மூன்றாவதாக, நோய் மருந்துக்குக் கேட்கிறது. ‘அவர் மருந்துக்குத்தான் இந்தக் காய்ச்சல் கேட்கும்’ என்னும் வழக்கில் நோய் அடங்காத பிள்ளையைப்போல் உருவகிக்கப்படுகிறது. அதனை அடங்கச் செய்பவர் மருந்தன்று, அம்மருந்தைத் தந்த ஆள்.

கைராசி

இவ்விடத்திலிருந்தே கைராசியை அணுகவேண்டும். இச்சொல் மருத்துவத்துக்கு உரியதன்று. முதல் விற்பனையாகிய போணி செய்பவருக்கும், விதை ஊன்றுபவருக்கும், மரக்கன்று நடுபவருக்கும் கைராசி பார்ப்பதுண்டு. எங்கெல்லாம் விளைவு செய்பவரின் கட்டுப்பாட்டில் முழுமையாக இல்லையோ, அங்கெல்லாம் இச்சொல் வழங்குகிறது. தெருமுனை மருத்துவத்தின் நிலையும் அதுவே. அங்கு வந்த நோய்களில் பெரும்பகுதி தானே தணிவன. சில எந்த மருத்துவராலும் தணிக்க முடியாதன. இவ்விரண்டுக்கும் இடையே மருத்துவரின் திறமை புலப்படும் வெளி சிறியது. நோயாளர் பட்டத்தை மதிப்பிட அறியார். மருந்தின் பெயரும் அறியார். அவரிடம் இருந்தது நினைவு மட்டும்: யாரிடம் போனபோது குணமாயிற்று, யாரிடம் போனபோது ஆகவில்லை. அந்நினைவு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. பெஞ்சிலும் குழாயடியிலும் பகிரப்பட்டுப் பல ஆண்டுகளில் ஒரு பெயராகத் திரள்கிறது. கைராசி என்பது அவ்வாறு தெரு கூடித் தொகுத்த மதிப்பீடு.

இம்மதிப்பீட்டில் குணமாவதோடு வேறு சிலவும் அடங்கின. இரவில் கதவைத் தட்டினால் எழுந்து வருவது, தம்மால் ஆகாது என்றால் காலம் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருவது, காசில்லாதபோது ‘அப்புறம் கொடுங்கள்’ என்று விடுவது ஆகிய அனைத்தும் கைராசியின் உள்ளடக்கம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவரையே கைராசிக்காரர் என்று போற்றும் வழக்கு, இச்சொல் வெறும் அதிர்ஷ்டத்தைச் சுட்டவில்லை என்பதற்குச் சான்று.

எனினும் இந்த அளவுகோலுக்குத் தீர்க்கமான குறை உண்டு. அது உடனடி விளைவை மட்டுமே அளந்தது. ஒரே நாளில் காய்ச்சலை இறக்கும் ஊசிக்கு அது புகழ் சேர்த்தது. தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லியையும் ஸ்டீராய்டையும் அதனால் பிரித்தறிய இயலவில்லை. ‘ஊசி போடாத டாக்டர்’ என்ற பெயர் வருமானத்தைக் குறைக்கவல்லது. நோயாளரின் விருப்பத்துக்கு மருத்துவர் பணிந்தாரா, மருத்துவரின் பழக்கமே நோயாளரின் விருப்பமாயிற்றா என்பதை இன்று பிரித்துக் காண்பது அரிது. கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடி ஊசிக்குழல் பலருக்கும் பொதுவாயிருந்தது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பிறகு அச்சம் பரவியது. நோயாளரே மருந்துக்கடையில் ஒருமுறை ஊசிக்குழல் வாங்கி வந்து, உறை கண்ணெதிரே கிழிக்கப்படுவதைப் பார்த்திருக்கும் பழக்கம் வந்தது. மருத்துவர் கையின்மேல் வைத்த நம்பிக்கையில் நோயாளர் முதன்முதலாகச் சரிபார்ப்பைக் கோரிய தருணம் இது.

அரசின் கண்ணில்

தெருமுனை மருத்துவரை அரசு நெடுங்காலம் காணவில்லை. இதற்குக் காசநோய் நல்ல எடுத்துக்காட்டு. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொள்வது சானடோரியத்தில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு ஏறத்தாழ நிகரானது என்று 1959இல் நிறுவியது. உடன்வாழ்வோருக்குத் தொற்று அபாயம் அதனால் கூடவில்லை என்றும் காட்டியது. உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றிய இம்முடிவுக்கு ஆதாரமானவர்கள் சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளர்கள். நோயாளரின் வீடு மருத்துவத்துக்குத் தக்க இடம் என்று அறிவியல் ஒப்பிய பின்னரும், அவ்வீட்டுக்கு மிக அருகிலிருந்த மருத்துவர் தேசியத் திட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. 1962இல் தொடங்கிய அத்திட்டம் மாவட்ட அரசு மையங்களைக் கொண்டே கட்டப்பட்டது.

இருமல் நீடித்த நோயாளரோ முதலில் தெருமுனையில்தான் காட்டினார். அங்கு மிக்ஸ்சரும் ஊசியும் பெற்று வாரங்கள் கழிந்தன. மும்பையின் குடிசைப் பகுதியில் பணியாற்றிய தனியார் மருத்துவர் 100 பேர் காசநோய்க்கு 80 வகை மருந்துக் கூட்டுகளை எழுதினர் என்று உப்லேகரும் ஷெப்பர்டும் 1991இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. சென்னையைப் பற்றியதன்று எனினும், வழிகாட்டுதல் எட்டாத இடத்தில் என்ன நிகழும் என்பதை அது வெளிப்படுத்துகிறது. காசநோயாளரைக் கண்டால் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்னும் கடமை தனியார் மருத்துவர்மீது 2012இல் விதிக்கப்பட்டது. இவ்வாறு தெருமுனை மருத்துவர் அரசின் ஏட்டில் நுழைந்தது பிழை செய்யக்கூடியவர் என்ற முறையிலேயே.

கட்டணமும் காகிதமும்

1983இல் சென்னை கிரீம்ஸ் சாலையில் அப்பல்லோ மருத்துவமனை திறக்கப்பட்டது பெருநிறுவன மருத்துவத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அடுத்து 1995 நவம்பரில், இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி. பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில், கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளருக்கு இது பெரும் காப்பு. கூடவே, பரிசோதனை முடிவு இன்றி மருந்தெழுத மருத்துவர் தயங்கும் நிலையும் வலுத்தது. அதன் தடம் மொழியில் பதிந்துள்ளது. முன்னர் ‘உடம்பைக் காட்டவேண்டும்’ என்றவர்கள் இப்போது ‘ரிப்போர்ட்டைக் காட்டவேண்டும்’ என்கின்றனர். வினை மாறவில்லை, செயப்படுபொருள் மாறிவிட்டது.

இப்பின்னணியில்தான் வடசென்னையின் ஜெயச்சந்திரனும் வியாசர்பாடியின் திருவேங்கடமும் செய்தியாயினர். 1970களில் தொழிலைத் தொடங்கி, 2 ரூபாய், 5 ரூபாய் எனப் பெற்றுக்கொண்டு பல பத்தாண்டுகள் மருத்துவம் பார்த்தவர்கள் இவர்கள். ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரிலும் திருவேங்கடம் 2020 ஆகஸ்டிலும் மறைந்தபோது இதழ்கள் அவர்களை அருளாளர்களாக எழுதின. 2017இல் வெளிவந்த ‘மெர்சல்’ திரைப்படத்தின் ஐந்து ரூபாய் மருத்துவர் பாத்திரமும் இவ்வியப்பைப் பெருக்கியது. ஆனால் நோயாளரின் வசதிக்கேற்பக் கட்டணத்தைத் தளர்த்துவது முந்தைய தலைமுறைக்கு வியப்புக்குரியதன்று. தொழிலின் நடைமுறைகளுள் ஒன்று. வழக்கமாயிருந்தது தனிமனித அறமாகச் சுருங்கியதே இப்புகழுரைகளில் கவனிக்கப்படாத செய்தி.

அரசின் காப்பீடுகளும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012இல் அதன் இடத்தில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையையே பெரிதும் கருதியவை. தெருமுனையில் தரும் கட்டணமும் மருந்துக்கடைச் செலவும் நோயாளரின் சட்டைப்பையைச் சார்ந்தே இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மாத்திரையின் இன்மையை அது தீர்க்கிறது. மருமகளுக்குத் தெரியாமல் ஒன்றைச் சொல்லவேண்டிய மாமியாரும், மகனின் குடியைப் பற்றிப் பேசவேண்டிய தந்தையும் தேடிப்போகும் ஆளின் இடம் அத்திட்டத்தில் வகுக்கப்படவில்லை.

எஞ்சியிருப்பது காகிதம். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள், உள்நோயாளரின் பதிவுகளை மருத்துவர் 3 ஆண்டுகள் காக்கவேண்டும் என்கின்றன. புறநோயாளரைப் பற்றி அவ்விதியில் குறிப்பில்லை. தெருமுனைக்கு வந்தவர் அனைவரும் புறநோயாளர். ஆகவே ஆவணக்காப்பாளர் பொறுப்பை நோயாளரே ஏற்றார். ‘பழைய சீட்டைக் கொண்டுவாருங்கள்’ என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு முறையும் வீட்டின் மஞ்சள்பையிலிருந்து மடிப்புக் கிழிந்த மருந்துச் சீட்டுகள் எடுக்கப்பட்டன. அவற்றோடு குடும்ப அட்டை, தடுப்பூசி அட்டை, என்றோ எடுத்த நெஞ்சுப் படம். மருத்துவர் மறைந்து அறை பூட்டப்பட்டபின், அவர் கையெழுத்து இருப்பது அந்தப் பைகளில் மட்டும். நோயாளர் இறந்தால், அவர் பாயோடும் துணியோடும் அந்தப் பையும் வெளியே போகிறது.